விடுமுறைக்கு ஒரு சுமைச் சோதனை

மனித குலத்தின் மொத்த அறியாமையும் ஒரே ஓர் இடத்தில்தான் குடியிருக்கிறது. லிஃப்ட் பட்டனை இரண்டாவது தடவை அமுக்குகிற விரலின் நுனியில்.

இது என் அப்பாவின் கண்டுபிடிப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஏழாம் மாடி லிஃப்ட் வாசலில், சிரிப்பின் சாயல்கூட இல்லாமல் இதை அவர் வெளியிட்டார். கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருவர் ஐந்தாம் மாடியில் இருக்கும் குடியிருப்போர் சங்கச் செகரட்டரி. விரல் அவருடையது.

"சார், ஒரு தடவை அமுக்கினா போதும். அது செவிடு இல்ல."

"எனக்கு அவசரம் சார்."

"உங்க அவசரம் மோட்டாருக்கு எப்படி சார் தெரியும்? இருபத்தஞ்சு வருஷமா லிஃப்டுங்களைச் சோதிக்கறேன். ரெண்டாவது தடவை அமுக்கினதால வேகமா வந்த லிஃப்ட் இந்த உலகத்துல ஒண்ணு கிடையாது. ரெண்டாவது தடவை அமுக்கறவன் லிஃப்டை நம்பாதவன். லிஃப்டையே நம்பாதவன் வேற எதை நம்புவான்? அவனை நம்பி ஒரு வீட்டைக் குடுக்க முடியுமா? நாட்டைக் குடுக்க முடியுமா?"

செகரட்டரியிடம் நாட்டைக் கொடுக்கும் எண்ணம் யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் அவருக்கு முகம் வாடிவிட்டது. லிஃப்ட் வந்தபோது அதில் ஏறாமல் படியில் இறங்கிப் போனார்.

"பாத்தியா, வந்த லிஃப்டையும் நம்பல" என்றார் அப்பா.

அப்பா லிஃப்ட் இன்ஸ்பெக்டர். ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வைத்தாலும் அவர் போய்ச் சோதித்து முத்திரை குத்தினால்தான் அதில் ஆள் ஏறலாம். மோட்டார் சத்தத்தைக் கேட்டே உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிடுவார். இரவுச் சாப்பாட்டின் நடுவில் திடீரென்று "மூணு பேர், அதுல ஒண்ணு குழந்தை" என்பார். விருந்தாளிகள் பயந்துவிடுவார்கள். நாங்கள் பழகிவிட்டோம்.

போன வாரம் முழுக்கப் பேசியும் எங்கள் வீட்டில் லீவு விஷயம் முடிவாகவில்லை. அதற்கு முந்தின வாரமும் அதே கதைதான். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு எங்கள் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் நான்கு நாள் லீவு கிடைத்திருக்கிறது. எங்கே போவது? சாப்பாட்டு மேஜையில் இரண்டு சிறு புத்தகங்கள் கிடந்தன. ஒன்று, கடலோரத் தேசியப் பூங்கா. பாறை முனை, அலையாத்திக் காடு, சேற்றுத் திட்டுகளில் பறவைகள், மரக் குடிசையில் தங்கல். இன்னொன்று, பழைய துறைமுகப் பட்டினம். கல் பாவிய கரை, கலங்கரை விளக்கம், சரக்குக் கிடங்குகள், ஒடுக்கமான தெருக்கள்.

அம்மாவுக்குப் பட்டினம். காரணம் ஒன்றே ஒன்று. அந்தக் கரையோரத் தெருக்களில் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. அம்மா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பயிற்சிக் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வீட்டில் கிடையாது. ஆனால் அம்மாவின் வலது கால் இதை ஒப்புக்கொள்வதில்லை. யாராவது ஆபத்தாக எதையாவது சொல்ல வாயெடுத்தால், அவள் கால் தானாகத் தரையை அமுக்கும். செய்தி வாசிப்பவருக்குக்கூட அவள் பிரேக் போட்டிருக்கிறாள்.

அக்காவுக்குப் பூங்கா. காரணம் பறவைகள் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள்.

உண்மைக் காரணம் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அக்கா காது மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். ஆட்களைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, மெல்லிய சத்தங்களை அனுப்பி, "கேட்டா கையைத் தூக்குங்க" என்று சொல்வது அவள் தொழில். சில மாதங்களுக்கு முன் வருடாந்திரப் பரிசோதனைக்காக ஒரு வனக் காவலர் வந்தார். அக்கா இன்னும் எதையும் அமுக்கவில்லை. அவர் கையைத் தூக்கினார்.

"என்ன கேட்டுச்சு?" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"வெளியில ஒரு புறா."

அந்த அறைக்குள் வெளிச்சத்தம் நுழையாது. நுழைந்தால் அறையைக் கட்டியவரைக் கூப்பிட வேண்டும். அக்கா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். வெயில் மறைப்பின்மேல் ஒரு புறா.

இதை அவள் என்னிடம் சொன்ன விதத்திலேயே, எங்கள் வீட்டுக்கு ஒரு பிரச்சினை உறுதியாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காவலரின் புகைப்படத்தையும் காட்டினாள். முழங்கால் தண்ணீரில், நெடுநெடுவென்று, எதையோ பார்த்தபடி அசையாமல் நின்றார். நான் அவருக்குக் கொக்கு என்று பெயர் வைத்தேன். அக்கா என்னைக் கிள்ளினாள். பெயர் நிலைத்துவிட்டது.

கொக்கு வேலை பார்ப்பது அந்தக் கடலோரப் பூங்காவில். "அப்பாகிட்ட வாயால சொன்னா வேலைக்காகாதுடா. அவர் எதையும் ஓடற நிலைமைல பாத்தாதான் முத்திரை குத்துவார். பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா, படகு ஓட்டறதை, வழி காட்டறதை எல்லாம் அவரே பாப்பார். மூணாவது நாள் நான் பேசிக்கறேன்." இதுதான் திட்டம். இதில் அவசரம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. கொக்கைத் தொலைதூரத் தீவு ஒன்றுக்கு மூன்று வருடம் அனுப்பப் பார்க்கிறார்கள். போகிறேன் அல்லது போகவில்லை என்று திங்கட்கிழமை காலை அவர் அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டும்.

அதாவது மறுநாள்.

அப்பாவோ, இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சனிக்கிழமை சொன்னார்: "மனசு சொல்லுது, ஆசையா இருக்கு, படத்துல நல்லா இருக்குங்கற கதையெல்லாம் வேணாம். ரெண்டு இடத்துக்கும் சுமைச் சோதனை வச்சிடலாம்."

லிஃப்ட் தொழிலில் சுமைச் சோதனை என்றால், தாங்க வேண்டிய எடையைவிடக் கால் பங்கு கூடுதலாக மணல் மூட்டை ஏற்றி ஓட்டிப் பார்ப்பது. அதில் நின்றால் எதிலும் நிற்கும். விடுமுறைக்கும் அதேதான் என்றார் அப்பா. ஒவ்வொரு இடத்திலும் என்ன கஷ்டம் வருமோ, அதைக் கால் பங்கு கூட்டி, வீட்டிலேயே ஒரு முறை அனுபவித்துப் பார்த்துவிட வேண்டும். இந்த யோசனை உலகத்தில் வேறெந்தக் குடும்பத்துக்கும் தோன்றியிருக்காது. தோன்றியிருந்தால் அந்தக் குடும்பத்தில் யாராவது தடுத்திருப்பார்கள்.

காலையில் பூங்கா.

பாறை முனைக்கு ஏறும் பாதைக்குப் பதிலாக, தரைத் தளத்திலிருந்து மொட்டை மாடி வரை படி. ஆளுக்கொரு முதுகுப் பை. கூடுதல் கால் பங்குக்கு என் கல்லூரிப் புத்தகங்களை நிரப்பினார் அப்பா. மூன்று வருடத்தில் அவை எதற்காவது பயன்பட்டது அன்றுதான்.

"பூங்காவுல பேசக் கூடாது. பறவை பறந்துடும். யாரும் வாயைத் திறக்காதீங்க" என்று அப்பா கட்டளையிட்டார். பிறகு மூன்றாம் மாடி வரை பேசாமல் இருப்பதன் அவசியத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

நான்காம் மாடித் திருப்பத்தில் அக்கா என்னைப் பின்னால் இழுத்தாள். மூச்சு வாங்கக் கிசுகிசுத்தாள்.

"டேய், அவர் வந்திருக்கார்."

"எங்க?"

"எதிர்ல பஸ் ஸ்டாப்ல. பூங்கான்னு முடிவானா நாளைக்குத் தீவு வேணாம்னு சொல்லிடுவார். பட்டினம்னா சரின்னு கையெழுத்து போட்டுடுவார். முடிவு தெரியற வரைக்கும் அங்கயே உக்காந்திருக்கேன்னு சொல்லிட்டார்."

"சாயங்காலம்தானே அப்பா முடிவு சொல்வாரு?"

"தெரியும்னார்."

"சாப்பாடு?"

"நீ எதுக்குடா சாப்பாட்டைப் பத்தியே கேக்கற? அம்மா முட்டி வலிக்குதுன்னு சொன்னா, காத்து நல்லா இருக்குன்னு பேச்சை மாத்து. புரியுதா?"

மேலிருந்து அப்பாவின் குரல் கட்டடம் முழுக்க எதிரொலித்தது. "யாரு அங்க பேசறது? இப்ப ஒரு பறவை போச்சு!"

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிதான் பாறை முனை. அதன் பின்னால் நான்கு பேரும் வரிசையாகக் குந்தினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. பறவைகள் வகையில் புறாக்கள் கிடைத்தன. அக்கா அவற்றை வாழ்நாளில் முதன்முறையாகப் பார்ப்பவள்போல் ரசித்தாள்.

"எவ்வளவு அழகா கழுத்தை ஆட்டுது பாருங்கப்பா."

"நம்ம துணி மேல தினமும் வந்து ஆட்டறதுதானே?" என்றாள் அம்மா. "ஏங்க, எனக்கு முட்டி..."

"காத்து ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றேன் நான். காற்று என்று ஒன்று இல்லை.

அப்பா பைனாகுலரை எடுத்துக் கைப்பிடிச் சுவர் வழியாகத் தெருவை அலசத் தொடங்கினார். கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் போன பைனாகுலர் ஓர் இடத்தில் நின்றது.

"நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தன் பஸ் ஸ்டாப்ல உக்காந்திருக்கான்."

அக்கா என் விலாவில் இடித்தாள்.

"பஸ் ஸ்டாப்னா ஆள் உக்காந்துதான் இருப்பாங்கப்பா" என்றேன்.

"நாம படி ஏறும்போதே பாத்தேன்டா, அப்பவும் அவனே. பஸ் வருது, போகுது. ஏற மாட்டேங்கறான். வாட்ச்சைப் பாக்கறதில்ல. எழுந்து நின்னு எட்டிப் பாக்கறதில்ல. காலை ஆட்டறதில்ல. ஃபோனை நோண்டறதில்ல." அப்பாவின் குரலில், நல்ல லிஃப்ட் ஒன்றைப் பார்க்கும்போது வரும் நெகிழ்ச்சி வந்திருந்தது. "எந்த வீட்டுப் பிள்ளையோ! நான் சொல்றேன், இவன் வாழ்க்கைல பட்டனை ஒரு தடவைக்கு மேல அமுக்கியிருக்க மாட்டான்."

அக்கா எதுவும் பேசவில்லை. பூங்கா விதிப்படி அது சரிதான்.

அப்போது செகரட்டரி தொட்டியைப் பார்க்க மேலே வந்தார். முதுகுப் பைகளுடன் வெயிலில் குந்தியிருந்த எங்களைச் சற்று நேரம் பார்த்தார்.

"ஏதாவது பிரச்சினையா சார்?"

அப்பா உதட்டில் விரல் வைத்து, "உஷ்! பறவை" என்றார்.

செகரட்டரி வந்த வழியே போய்விட்டார். தொட்டியை இன்றுவரை அவர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

மதியம் பட்டினம்.

எங்கள் கட்டடத்தில் சரித்திரம் குறைவு. இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது. வழிகாட்டியாக நான் நியமிக்கப்பட்டேன். மின் மீட்டர் அறை, தபால் பெட்டிகள், வாட்ச்மேன் நாற்காலி ஆகியவற்றின் முன்னால் நின்று வரலாறு சொன்னேன். எதிரில் மூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையாட்டினார்கள்.

"இந்த நாற்காலியின் இடது கை, முன்னொரு காலத்தில் நடந்த ஒரு சண்டையில் உடைந்தது" என்று முடித்தேன்.

"இன்னும் கால் பங்கு பேசு" என்றார் அப்பா.

"அந்தச் சண்டைக்குக் காரணம் ஒரு குடை..."

"கேக்கவே கால் வலிக்குது. நல்ல சோதனை. மேல போ."

அக்கா ஒவ்வொரு நிறுத்தத்திலும் சத்தமாகக் கொட்டாவி விட்டாள். பட்டினம் தோற்க வேண்டும் என்பதற்காக அவள் செய்த தொண்டு அது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அம்மாவைக் காணோம் என்பதைப் பிறகுதான் கவனித்தோம்.

அம்மா அடித்தளத்தில், கார்கள் வந்து போகும் பாதையின் நட்டநடுவில் நின்றிருந்தாள். ஞாயிறு மதியம். ஒரு வண்டி அசையவில்லை. கண்ணை மூடியிருந்தாள்.

"அம்மா, ஓரமா வா" என்றேன்.

"இருடா. ரெண்டு காலும் சும்மா இருக்கு பாரு." அவள் கண்ணைத் திறக்கவில்லை. "நாலு நாளும் இப்படியே இருக்குமாம்டா அங்க. நடுத்தெருவுல நிக்கலாமாம். யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்களாம்."

அக்கா கொட்டாவியை நிறுத்திவிட்டாள். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எதிரியை வீழ்த்தலாம் என்று கிளம்பினால், எதிரி இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் என்ன செய்வது?

மாலை. சாப்பாட்டு மேஜை. தீர்ப்பு.

அப்பா தலைமைப் பீடத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"பூங்கா. பாதை கஷ்டம். வெயில் அதிகம். பேச்சுச் சத்தம் அதிகம், யாருன்னு நான் சொல்ல விரும்பல. ஆனா ஒரு விஷயம். அங்க ஃபோன் வேலை செய்யாதாம். எந்தக் கட்டடத்துலருந்தும் 'சார், லிஃப்ட் நின்னுடுச்சு'ன்னு கூப்பிட முடியாது. பட்டினம். கால் வலி, காது வலி ரெண்டும் உண்டு. பழைய கட்டடம், பழைய கல், பழைய கல்லுக்குப் பக்கத்துல இன்னொரு பழைய கல். அதனால..."

பூங்காவின் புத்தகத்தை அக்கா அப்பா பக்கம் நகர்த்தினாள்.

அந்த நேரத்தில் அம்மாவுக்குத் தாகம் எடுத்தது. ஒரு குடும்பத்தின் தலைவிதி இப்படியும் திரும்பும். பட்டினத்தின் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் பின்னட்டையின்மேல் இரண்டு வாரமாகத் தண்ணீர் ஜாடியை வைத்துக் காத்து வந்தவன் நான். ஒவ்வொரு வேளையும் மேஜையைத் துடைத்து, ஜாடியை அதே இடத்தில் வைத்தேன். அம்மா இதைப் பொறுப்பு என்று நினைத்துப் பாராட்டக்கூடச் செய்தாள். இப்போது ஜாடியைத் தூக்கினாள்.

"இது என்னங்க? பட்டினத்துல ஒரு பழைய லிஃப்ட் இருக்காமே. கரையிலருந்து மேல் தெருவுக்கு ஆளை ஏத்துமாம். மோட்டாரே இல்லையாம், தண்ணி எடையிலயே ஏறி இறங்குமாம்."

அப்பா மெல்லக் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். ஈரம் படிந்த பின்னட்டையைச் சட்டையில் துடைத்தார்.

"தண்ணி எடையிலயா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"மோட்டார் இல்லாம? இன்னும் ஓடுதா?"

"காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் ஓடுதாம்."

அப்பாவின் கண்கள் எங்களைத் தாண்டி எங்கேயோ போய்விட்டன. நான் பிறந்தபோது எடுத்த புகைப்படத்தில்கூட அவர் முகம் அப்படி இல்லை.

"பட்டினம்" என்று சொல்லி, முஷ்டியை மடக்கி மேஜையில் தொம்மென்று குத்தினார். அதுதான் முத்திரை. குத்திய முத்திரையை அவர் தொழில் வாழ்க்கையில் ஒரு தடவைகூடத் திரும்பப் பெற்றதில்லை.

"அப்பா, அந்த முத்திரையை எடுங்க" என்றாள் அக்கா.

"குத்தினா குத்தினதுதான்மா."

"பூங்காவுல ஒருத்தர் வேலை பாக்கறார். அவரை நீங்க பாக்கணும்."

"எதுக்கு?"

"நான் அவரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

மேஜைக்கு அடியில் அம்மாவின் வலது கால் முழு பிரேக்கையும் அமுக்கியது. அந்த இடத்தில் என் கால் இருந்தது. நான் சத்தம் போடவில்லை. இப்படிப்பட்ட நேரங்களில் தனிமனித வலி பெரிதல்ல.

அப்பா புத்தகத்தைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் பேசினார்.

"அப்ப ரெண்டு வாரமா பறவை, அலை, காத்துன்னு சொன்னதெல்லாம்?"

"காத்தும் பிடிக்கும்பா."

"சோதனை எனக்குத்தான் நடந்திருக்கு. இல்ல?"

"இல்லப்பா. அவருக்கு. அவர் வேலை பாக்கறதை நீங்களே பாத்து..."

"அதுக்கு நாலு பேர் லீவு போட்டு, ஒரு காட்டுக்குப் போகணுமா? நேரா வந்து 'அப்பா, இப்படி ஒரு விஷயம்'னு சொல்ல முடியலையா உன்னால?"

"முடியலப்பா." அக்காவின் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "உங்ககிட்ட எதையும் ஒரு தடவைதான் கேக்க முடியும். சைக்கிளோ காலேஜோ, எதுவா இருந்தாலும் ஒரு தடவை. ரெண்டாவது தடவை கேட்டா நம்பிக்கை இல்லாதவள்னு சொல்லிடுவீங்க. அந்த ஒரு தடவையை இதுல வீணாக்கிடுவேனோன்னு பயமா இருந்துச்சு."

அப்பா பட்டினத்தின் புத்தகத்தைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்குக் காலைல அவர் ஆபீஸ்ல பதில் சொல்லணும்பா. தீவுக்குப் போறேன்னா மூணு வருஷம். நீங்க ஒரு தடவை பாக்கறேன்னு சொன்னா போக மாட்டார்."

அப்பா மேஜையில் தான் குத்திய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முத்திரை குத்தியாச்சே" என்றார். சொன்னதில் பலம் இல்லை. ஆனால் சொல்லிவிட்டார்.

"சரிப்பா." அக்கா எழுந்தாள். "நான் கீழ போய் அவர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன். காலைலருந்து உக்காந்திருக்கார்."

"எங்க?"

"பஸ் ஸ்டாப்ல."

அப்பா நிமிர்ந்தார். "நீலச் சட்டையா?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். லிஃப்ட் பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கிவிட்டு நின்றாள். அவள் அப்பாவின் பெண். கதவு திறந்தது, மூடியது. மோட்டார் முனகத் தொடங்கியது.

"ஒருத்தர்" என்றார் அப்பா, யாரும் கேட்காமலேயே.

அம்மாதான் முதலில் அசைந்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"ஜாடி?"

"நான்தான்."

"பையனுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"படகு ஓட்டுவார்ம்மா."

"ரிவர்ஸ் எடுப்பாரா?"

"படகுலயா?"

"எதுலயா இருந்தா என்ன? முன்னாடி போக எல்லாருக்கும் வரும்டா. பின்னாடி எடுக்கறதுலதான் ஆள் தெரியும்." இதைச் சொல்லும்போது அவள் பார்வை அப்பாமேல் இருந்தது. "ஏங்க, உங்களைத்தான் சொல்றேன். எனக்கு நடுத்தெருவுல நிக்கணும்னு ஆசைதான். இந்த வருஷம் இல்லைன்னா அடுத்த வருஷம் நின்னுக்கறேன். தெரு எங்கயும் போயிடாது. அந்தப் பையன் போயிடுவான்."

"காலைல நல்லாத்தான் உக்காந்திருந்தான்" என்று அப்பா முணுமுணுத்தார்.

"நீங்கதானே சொன்னீங்க, எந்த வீட்டுப் பிள்ளையோன்னு?"

அப்பா சட்டென்று எழுந்தார். "லிஃப்ட்ல ஏதோ சத்தம் வருது. பாத்துட்டு வரேன்."

லிஃப்ட்டில் ஒரு சத்தமும் வரவில்லை. அது தரைத் தளத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது. நான் பூங்காவின் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். வாசலில் சுவரோரம் சாய்ந்து, மிகுந்த ஈடுபாட்டுடன் படிக்கத் தொடங்கினேன்.

அப்பா கதவுக்கு மேலே மாடி எண் காட்டும் விளக்கைப் பார்த்தபடி நின்றார். பூஜ்யம். அசையவில்லை.

"அவ பேசி முடிச்சிருப்பாளா?" என்றார்.

"தெரியலப்பா."

"அவன் சரி, போயிட்டு வரேன்னு கிளம்பிட்டா?"

"கிளம்பலாம்."

"அவ தடுக்க மாட்டாளா?"

"ஒரு தடவை கேப்பாப்பா. ரெண்டாவது தடவை கேக்க மாட்டா. நீங்க அப்படித்தானே வளத்தீங்க?"

அப்பா என்னை முறைத்தார். நான் அலையாத்திக் காடுகளின் வேர் அமைப்பு என்ற பகுதிக்குப் போய்விட்டேன்.

விளக்கு பூஜ்யத்திலேயே இருந்தது. அப்பா கையைப் பின்னால் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். கீழே எங்கோ ஒரு பஸ் வந்து நிற்கும் சத்தமும், கிளம்பிப் போகும் சத்தமும் கேட்டன. அந்தப் பஸ்ஸில் யார் ஏறினார், யார் ஏறவில்லை என்பதை ஏழாம் மாடியிலிருந்து மோட்டார் சத்தத்தை வைத்துச் சொல்ல அப்பாவாலும் முடியவில்லை.

பிறகு லிஃப்ட் அசைந்தது. அப்பா தலையைச் சாய்த்துக் கதவில் காதை வைத்தார். ஒன்று. இரண்டு. நான் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

"ரெண்டு பேர்" என்றார் அப்பா. அவர் குரல் மாறிவிட்டிருந்தது. "ஒண்ணு நம்ம பொண்ணு. இன்னொண்ணு நெட்டையா, எலும்பும் தோலுமா இருப்பான். சாப்பிடவே இல்ல போல."

மூன்று. நான்கு. ஐந்து.

ஐந்தில் நின்றுவிட்டது.

லிஃப்ட் குழாய் வழியாகச் செகரட்டரியின் குரல் தெளிவாக மேலே வந்தது. வழக்கம்போல் கதவுக்குக் குறுக்கே காலை வைத்துக்கொண்டுதான் பேசுகிறார் என்று தெரிந்தது.

"தம்பி யாரு? இந்தக் கட்டடத்துல பாத்ததில்லையே. இன்ஸ்பெக்டர் வீட்டுக்கா? அங்க எதுக்கும் இன்னிக்குப் போகாதீங்க தம்பி. காலைலருந்து அந்த வீட்ல ஒரு மாதிரியா இருக்காங்க. மொட்டை மாடில பறவை பாக்கறாங்க. கீழ வந்து தபால் பெட்டிக்கு வணக்கம் வைக்கறாங்க. நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்..."

அப்பா படிக்கட்டைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். ஐந்து. அப்புறம் என்னைப் பார்த்தார்.

நான் புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் கொண்டுபோனேன். அது தலைகீழாக இருந்தது. திருப்பிக்கொள்ள அது நேரமில்லை.

அப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். அவர் கை எனக்குத் தெரியவில்லை.

டொக்.

அது நியாயமான ஒன்று. யாரும் குறை சொல்ல முடியாது.

கீழே செகரட்டரி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். விளக்கு ஐந்திலேயே இருந்தது. அப்பா இடது உள்ளங்கையைக் குவித்துப் பட்டனை மூடினார், சத்தம் வெளியே வரக் கூடாது என்பதுபோல. ஆனாலும் வந்தது.

டொக் டொக். டொக் டொக் டொக்.